தடுப்பூசி ஆய்வுல ரத்தத்த கையாளுறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப்புக்கு புதுசா வந்தவங்க போன வாரம் வேலை செஞ்சத பாத்தேன், நான் ஆரம்பத்துல பண்ணுன அதே தப்பு. மலேரியா மாதிரி ஒட்டுண்ணி நோய்க்கு சோதனை ஊசி போட்டுக்கிட்டவங்களோட டி செல்ல (நோய எதிர்க்குற ஒரு வகை வெள்ளை அணு) அளக்குறவங்களுக்காக இது. லேபிள் ஒட்டுங்க, கிளவுஸ் போடுங்கன்னு சொல்லப்போறதில்ல.

ரத்தத்த ஐஸ்ல வைக்காதீங்க

செல் உயிரோட வேணும்னா ஹெபாரின் (ரத்தம் உறையாம தடுக்குற மருந்து) ட்யூப் ரூம் டெம்பரேச்சர்லயே இருக்கணும், 8 மணி நேரத்துக்குள்ள செல்ல பிரிச்சு முடிச்சிடணும். நான் புதுசா இருந்தப்ப ஒருநாள் சாம்பிள் லேட்டா வந்துச்சு, கெட்டுப்போகக்கூடாதேன்னு ஐஸ் பாக்ஸ்ல வச்சுட்டு மறுநாள் காலைலதான் ஃபைக்கால் (செல்ல அடர்த்தி வாரியா பிரிக்குற திரவம்) மேல விட்டு சுத்துனேன். மேல மஞ்சளா பிளாஸ்மா, அதுக்கு அடில டி செல் இருக்குற மெல்லிசான வெள்ளை வளையம், அப்புறம் தெளிவா ஃபைக்கால், அடில சிவப்புன்னு பிரியணும், எனக்கு வளையமே கலங்கி சிவப்பேறி கிடந்துச்சு. ரத்தம் ஆறப்போட்டா கிரானுலோசைட்டோட (இன்னொரு வகை வெள்ளை அணு) அடர்த்தி மாறி, கீழ போக வேண்டியது வளையத்துக்குள்ள வந்து டி செல்ல வேலை செய்ய விடாது.

அதையும் எலிஸ்பாட்ல (தூண்டுனா வேலை செய்யுற செல்ல புள்ளியா காட்டுற டெஸ்ட்) போட்டேன். மலேரியா பெப்டைட் (ஒட்டுண்ணி புரதத்தோட சின்னத் துண்டு) போட்ட வெல்லுல, அதாவது பிளேட்டோட குழியில, புள்ளியே இல்ல, ஷீட்ல ஸீரோன்னு எழுதிட்டேன். சீனியர் அக்கா பிளேட்ட வாங்கி பிஹெச்ஏ (எந்த டி செல்லையும் தூண்டிவிடுற பொருள், இதுதான் பாசிட்டிவ் கண்ட்ரோல்) போட்ட வெல்ல காட்டுனாங்க, யாரோட செல்லா இருந்தாலும் புள்ளி மொய்ச்சுக் கிடக்கணும், அதுலயே நாலஞ்சுதான். செல்லு செத்துக் கிடக்குறப்ப ஊசி மேல பழி போட்டா எப்படி? ஊசி போட்ட 28ஆம் நாள் ரத்தம் இன்னொரு தடவ கிடைக்காது, நம்பி கைய நீட்டுன ஒருத்தரோட ரத்தம் வீணாப்போச்சு. இப்பவும் யாராவது பாசிட்டிவ் கண்ட்ரோல பாக்காம ஸீரோன்னு எழுதுனா எனக்கு சுர்ருன்னு ஏறும். கண்ட்ரோல் தேறலன்னா அது ஸீரோ இல்லங்க, அந்த ரிசல்ட்டே செல்லாது.

ஊசிக்கு முன்னாடி எடுத்த ரத்தம்

அதையும் ஊசிக்கு அப்புறம் எடுத்ததையும் ஒப்பிடணும், அதனால ஒரே ஆளோட எல்லா நாள் சாம்பிளும் ஒரே பிளேட்ல போடுங்க.

ஆர்டிஎஸ்,எஸ் மலேரியா ஊசின்னா

அதுல ஹெபடைடிஸ் பி புரதமும் சேர்ந்திருக்கு. முழு ஊசியையும் செல்லு மேல விட்டு தூண்டுனா, எப்பவோ போட்ட ஹெபடைடிஸ் பி ஊசியோட ஞாபகத்தையும் சேர்த்து எண்ணிடுவீங்க. மலேரியா பெப்டைட தனியா வைங்க.

ஃப்ரீஸ் பண்ணுன செல்

உருகுனதும் டிஎம்எஸ்ஓவ (ஃப்ரீஸ் பண்றப்ப செல்ல காப்பாத்த சேர்க்குற திரவம்) கழுவிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஐஜிஜி ஆன்டிபாடி மட்டும் போதும்னு நினைக்காதீங்க

கொக்கிப்புழுவுக்கு எதிரா செஞ்ச நா-ஏஎஸ்பி-2 புரத ஊசிய பிரேசில்ல, முன்னாடியே புழு தொற்று வந்திருந்தவங்களுக்கு போட்டப்ப சிலருக்கு உடனே உடம்பெல்லாம் தடிச்சிருச்சு. ஊசி போடுறதுக்கு முன்னாடியே அவங்க ரத்தத்துல அந்தப் புரதத்துக்கு எதிரா ஐஜிஇ (அலர்ஜிய கிளப்புற ஆன்டிபாடி) இருந்திருக்கு. ஆய்வ நிறுத்த வேண்டியதாப் போச்சு. அதனால முதல் நாள் ரத்தத்துலயே ஐஜிஇயும் பாருங்க.