லோபு துவாவுக்குப் போய்வருவது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு

இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்று ஒரு சின்ன ஊர், அதை ஒட்டி லோபு துவா என்று அதைவிடச் சின்ன கிராமம். ரப்பர், தென்னை, கொஞ்சம் வயல், கோழி மேயும் வாசல்கள், அவ்வளவுதான். ஆனால் 1088இல், இங்கே குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், தமிழ் வணிகர்கள் அந்த மண்ணில் தமிழிலேயே ஒரு கல் நட்டுவைத்தார்கள். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் உட்கார்ந்து கடாரம், ஸ்ரீவிஜயம் என்று மணிக்கணக்கில் பேசுகிற நம் ஆட்களில் இந்த ஊருக்குப் போனவர்கள் ரொம்பக் குறைவு. எப்படிப் போவது, எதைத் தெரிந்துகொண்டு போவது என்று கேட்கிறவர்களுக்காக இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்தேன் என்று சொல்லக்கூடாது. லோபு துவாவில் பார்க்க கோயில் இல்லை, கோட்டை இல்லை. அந்தக் கல்லும் அங்கே இல்லை, ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தின் சொத்தாகிவிட்டது. தெரியாமல் போனால் அது ஒரு தோப்பு, தெரிந்து போனால்தான் ஊர். அதனால் பயணத்தின் பாதி வேலையை இங்கேயே முடித்துவிட வேண்டும்.

புறப்படும் முன் நம் ஊரில் செய்ய வேண்டியது

ஒரு நாள் ஒதுக்கி நாகப்பட்டினம் போங்கள். ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் தொடங்கி அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த சூளாமணி விகாரம் அங்கேதான் இருந்தது. அதன் செலவுக்காக ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக்கொடுத்தான். 97 வேலிக்குச் சற்று மேலான நிலம், 8,900 கலத்துக்கு மேல் நெல். அந்தச் செப்பேட்டுக்குத்தான் லைடன் செப்பேடு என்று பெயர். அதில் இரண்டு உண்டு: பெரியது ராஜராஜன் பெயரில், சின்னது குலோத்துங்கன் 1090இல் கொடுத்தது. தேதியைப் பாருங்கள்: லோபு துவா கல் நட்டு இரண்டே வருடம். நாகப்பட்டினத்தில் அந்தப் பௌத்தப் பள்ளியின் மிச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள், அங்கேயும் இப்போது பார்க்க ஒன்றுமில்லை. ஆனைமங்கலம் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். விகாரத்தைச் சுற்றிக் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாருங்கள்.

அடுத்தது கல்வெட்டு வாசகம். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் லோபு துவா கல்லைப் பற்றி எழுதினார், பிறகு கல்வெட்டு அறிஞர் எ. சுப்பராயலு அதை மறுபடி படித்துத் திருத்தமான பாடம் வெளியிட்டார். சுருக்கம் இதுதான்: சக ஆண்டு 1010, அதாவது 1088, மாசி மாதம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, வாரோசு என்று கல்லில் வருகிற பாரூஸில் கூடி ஒரு முடிவு எடுக்கிறது. கப்பல் தலைவர்களும் கூட வருகிறவர்களும் கஸ்தூரி விலைக்கு ஏற்பப் பொன்னில் ஒரு கட்டணம் கட்ட வேண்டும், கட்டிய பிறகுதான் விரித்த பாவாடையில், அதாவது தரையில் விரித்த துணியில், கால் வைக்கலாம். நம் பக்கத்து நெல் மண்டியில் மகமை கட்டுகிற மாதிரிதான், ஆனால் கடல் கடந்து.

இதில் ஒரு விஷயத்தை மனதில் தெளிவாக வைத்துக்கொண்டு போங்கள். 1025 படையெடுப்பைப் பாடும் ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் என்று நீளமான பட்டியல் இருக்கிறது, அதில் வாரோசு கிடையாது. லோபு துவா கல் வென்றவன் நட்ட கல் அல்ல, வியாபாரி நட்ட கல். "இது எங்கள் சோழர் ஆண்ட ஊர்" என்று அங்கே போய் நெஞ்சை நிமிர்த்தினால் வரலாறும் தப்பு, மரியாதையும் தப்பு. சீனன், அரபி, தமிழன் என்று எல்லோரும் சரக்குக்காக வந்து போன துறைமுகம் அது. என்னைக் கேட்டால் படையெடுத்துப் போனதைவிட இதுதான் பெரிய விஷயம்.

என்ன சரக்கு? கற்பூரமும் சாம்பிராணியும். பாரூஸ் கற்பூரம் நாம் கோயிலில் ஏற்றுகிற சூடம் அல்ல. குங்கிலிய மர இனத்தைச் சேர்ந்த உயரமான காட்டு மரத்தின் உள்வைரத்தில் வெடிப்புகளுக்குள் பளிங்குபோல் உறைந்து கிடக்கும், எல்லா மரத்திலும் இருக்காது, மரத்தை வெட்டிப் பிளந்தால்தான் தெரியும். அதனால்தான் அந்த விலை. ஃபன்சூர் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்கிறது என்று மார்கோ போலோ சொன்னது இதைத்தான், ஃபன்சூர் என்பது அரபிகள் பாரூஸுக்கு வைத்த பெயர். அந்த மரம் இப்போது அரிதாகிவிட்டது. சாம்பிராணி அப்படியில்லை, மேட்டுநிலத்தில் மரத்தைக் கீறி இன்றும் எடுக்கிறார்கள். நாகூர் தர்காவில் புகைகிற சாம்பிராணிக்கு மூதாதை தேடினால் இந்த மலைகளுக்குத்தான் வர வேண்டும்.

வழி

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, அங்கிருந்து மேடானின் குவாலனாமு விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். சென்னைக்கு அலைய வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும், இணையத்திலேயே முன்கூட்டியும் எடுக்கலாம்: 30 நாள், இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம், கட்டணம் 5 லட்சம் ருப்பியா. தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அங்கே டீக்கே ஆயிரக்கணக்கில்தான் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் தனித்தனி டிக்கெட்டில் மாறுவதாக இருந்தால் மலேசியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டி வரும், அந்த நேரத்து விதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

கல்லையும் பார்க்க வேண்டும் என்றால் ஜகார்த்தா வழி. அருங்காட்சியகத்தில் அது காட்சியில் இருக்கிறதா என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிட்டு, பார்த்து முடித்ததும் தோபா ஏரிக்குப் பக்கத்தில் உள்ள சிலாங்கித் விமான நிலையத்துக்குப் பறக்கலாம். காசு கூடத்தான்.

மேடானில் இறங்கினால் உடனே ஓடாதீர்கள். கம்போங் மெட்ராஸ் என்று ஒரு பகுதியே இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் டெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள், பழைய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அங்கேதான். நகரின் ஓரத்தில் 2005இல் திறந்த வேளாங்கண்ணி அன்னை கோயில் ஒன்று இருக்கிறது, சேசு சபையின் ஜேம்ஸ் பாரதபுத்திர அடிகளார் கட்டியது, கோபுரமும் குவிமாடமுமாக நம் கண்ணுக்கு விசித்திரமாக இருக்கும். நாகை மாவட்டத்துக்காரர்கள் அவசியம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து பாரூஸுக்கு இரண்டு பாதை. எல்லோரும் சொல்வது பராபட், தாருதூங், சிபோல்கா வழி. சிபோல்கா கடலோர நகரம், நல்ல மீன், தங்க வசதி, அங்கிருந்து வடக்கே கடலை ஒட்டி இரண்டு மணி நேரத்தில் பாரூஸ். மேடானிலிருந்து சிபோல்காவுக்கே ஒரு முழு நாள் போய்விடும், கடைசி மலையிறக்கத்தில் வளைவுக்கு வளைவு வயிறு புரளும், டச்சுக்காரர் காலத்துப் பாறைக் குகைப்பாதை ஒன்றும் நடுவில் வரும். நான் சொல்வது வேறு: போகும்போது டோலோக்சாங்குல், பக்கட் வழியாக மலையிலிருந்து நேராகப் பாரூஸில் இறங்குங்கள், திரும்பும்போது சிபோல்கா வழியாக வாருங்கள். சாலை குறுகல், வண்டி குறைவு, ஆனால் டோலோக்சாங்குல்தான் சாம்பிராணி மேடு, சரக்கு மலையில் பிறந்து கடலுக்கு இறங்கிய திசையிலேயே நீங்களும் இறங்குவீர்கள். லோபு துவா ஏன் அங்கே இருந்தது என்பதை எந்தப் புத்தகமும் இதைவிட நன்றாகச் சொல்லாது. பேருந்தை நம்பாமல் 'டிராவல்' என்று அவர்கள் சொல்கிற பகிர்வு வேனில் இடம் பிடியுங்கள், அல்லது நான்கு பேர் சேர்ந்து ஓட்டுநரோடு வண்டி எடுத்துவிடுங்கள்.

எப்போது? அந்தக் கரையில் வருடம் முழுக்க மழைதான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மிக மோசம். நமக்கும் அது வடகிழக்குப் பருவமழை, சம்பா வயலை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. சம்பா அறுவடை முடிந்த மாசி சரியாக இருக்கும், இல்லையென்றால் ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் போய்விட்டு வந்துவிடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வெள்ளமும் மண்சரிவும் சிபோல்காவையும் தப்பனூலி தெங்ஙா மாவட்டத்தையும் கடுமையாக அடித்தன, கஜாவைப் பார்த்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சாலை நிலவரத்தை விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டே வண்டி ஏறுங்கள்.

ஊருக்குள்

லோபு துவா, ஆண்டாம் தேவி என்ற கெச்சமாத்தானில் இருக்கிறது. கெச்சமாத்தான் என்றால் நம் ஒன்றியம் மாதிரி, அதற்குக் கீழே தேசா என்ற கிராமம், அதன் தலைவர் கெபாலா தேசா. வெளியாள் ஊருக்குள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று இந்தோனேசியத் தெருக்களில் பலகையே மாட்டியிருப்பார்கள், ஆகவே முதலில் கெபாலா தேசா வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போய் வணக்கம் சொல்லிவிட்டு, யார், எங்கிருந்து, எதற்கு என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே ஒரு பையனைக் கூட அனுப்புவார். அந்த உதவி இல்லாமல் தோப்புக்குள் சுற்றினால் எது பழைய மண்மேடு, எது நேற்று கொட்டிய மண் என்று தெரியாது.

1995 முதல் பிரெஞ்சு, இந்தோனேசியத் தொல்லியலாளர்கள் க்ளோட் கியோ தலைமையில் இங்கே தோண்டினார்கள். சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, மணிகள் என்று கிடைத்ததை வைத்து, 9ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 11ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஊர் உயிரோடு இருந்தது என்று கணித்தார்கள். அதாவது அந்தக் கல் நட்ட கொஞ்ச காலத்திலேயே இடம் காலியாகிவிட்டது. பிறகு துறைமுக வாழ்க்கை பாரூஸ் பக்கத்துக்கு நகர்ந்தது, அங்கே புக்கிட் ஹசாங்கில் பின்னாளைய குடியிருப்பைத் தோண்டியிருக்கிறார்கள்.

பாரூஸில் கண்ணுக்குத் தெரிகிற பொருள் நிறைய. பாப்பான் திங்கி குன்றின் மேல் ஷேக் மஹ்மூதின் நீண்ட கல்லறை, எழுநூறுக்கு மேல் படி, காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். மஹ்லிகை கல்லறைத் தோட்டம் இன்னொன்று. இந்தோனேசிய இஸ்லாத்தின் தொடக்கப் புள்ளி என்று சொல்லி ஒரு நினைவுச்சின்னத்தை அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ 2017 மார்ச் 24 அன்று திறந்துவைத்தார். அந்த உரிமைக்கு வேறு ஊர்களும் போட்டியிடுகின்றன, நாம் அதில் கருத்துச் சொல்லப் போக வேண்டாம். மலாய் சூஃபி கவிஞர் ஹம்சா ஃபன்சூரியின் பெயரில் இருப்பதும் இந்த ஊர்தான். தோளும் முழங்காலும் மறைய உடுத்திக்கொண்டு போங்கள். இங்கே பதாக் என்ற மலைநாட்டு இனத்தின் கிறிஸ்தவக் குடும்பங்களும் முஸ்லிம் கடலோரக் குடும்பங்களும் கலந்து வாழ்கின்றன. பதாக் ஆட்களிடம் "ஹோராஸ்" என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

போகிற வழியில் காரோ மேட்டில் செம்பிரிங் என்ற குலத்தாரைச் சந்திக்கலாம். அவர்களின் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமணா என்றெல்லாம் பெயர்கள் உண்டு. உடனே "நீங்கள் தமிழர்தானே" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் காரோக்காரர்கள், பெயருக்குப் பின்னால் உள்ள கதையை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

சோறு மூன்று வேளையும் உண்டு, கவலை வேண்டாம். பாடாங் கடைகள் ஹலால், 'லாப்போ' என்பவை பதாக் கடைகள், பன்றிக்கறியும் கள்ளும் கிடைக்கும். பலகையில் பி2 என்றிருந்தால் பன்றி, பி1 என்றிருந்தால் நாய். சைவக்காரர்கள் மரவள்ளி இலையை இடித்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கூட்டு, தெம்பே, தாஹு என்ற சோயா பண்டங்கள் என்று ஓட்டிவிடலாம், ஆனால் கூட்டில் கருவாடும் சம்பாலில் இறால் விழுதும் ஒளிந்திருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கையில் பருப்புப்பொடி ஒரு பொட்டலம் இருந்தால் நல்லது.

வாங்குவது பற்றி

யாராவது மண்ணில் கிடைத்த பழைய மணி, பொற்காசு என்று நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். இந்தோனேசியாவில் 2010 முதல் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் இருக்கிறது, விமான நிலையத்தில் மாட்டினால் கதை கந்தல். சாம்பிராணியை டோலோக்சாங்குல் சந்தையில் வாங்குங்கள், பால் நிறக் கட்டிதான் உயர்ந்தது, ரசீதோடு வைத்திருங்கள், திருச்சியில் கேட்டால் காட்டலாம். வீட்டில் அம்மா "அந்த ஊர்ப் பச்சைக்கற்பூரம் கொஞ்சம் வாங்கிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்புவார். கடையில் போய் 'காபூர் பாரூஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்பது அலமாரியில் போடுகிற பூச்சி உருண்டை. சர்க்கரைப் பொங்கலுக்கு என்று எடுத்து வந்துவிடாதீர்கள்.