மூடிய பள்ளியின் கதையை எழுத: ஒரு பிஸ்கட் டின்னில் தொடங்கிய வேலை

அப்பா இறந்த மறு வருஷம், மேல் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே அவருடைய மதிப்பெண் புத்தகம், ஒரு வகுப்புப் படம். அட்டையில் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி என்று அச்சாகியிருந்தது. 1962 முதல் 1965 வரை சிங்கப்பூரில் இருந்த அந்தப் பள்ளியில் அவர் படித்தார் என்பது தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த டின்னை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் அலைந்ததில் நாற்பது பக்கத்தில் ஒரு சிறு கையேடு தேறியது. உங்கள் வீட்டிலும் மூடிய பள்ளி ஒன்றில் படித்தவர் இருந்தால், நான் சுற்றிப்போன வழியை நீங்கள் நேராகப் போகலாம்.

முதலில் ஒரே தாளில் பள்ளியின் ஆயுளை எழுதிவிடுங்கள். என் தாளில் இருந்தது இவ்வளவுதான். 1946இல், கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் சங்கமான சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரை வைத்தார்கள். 1960இல் அது உயர்நிலைப்பள்ளியானது. 1982இல் மூடப்பட்டது. மொத்தம் 36 வருஷம். இந்தத் தாளை எப்போதும் கூடவே வைத்திருங்கள். "எழுபத்தஞ்சிலேயே மூடிட்டாங்கப்பா" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். மறுத்துப் பேச வேண்டாம். அவர் சொன்னதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வேறொரு பள்ளியை நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம், அல்லது அவர் தம்பி படிப்பை நிறுத்திய வருஷமாக இருக்கலாம். இரண்டுமே உங்களுக்கு வேண்டிய தகவல்தான்.

1960 ஏன் முக்கியம் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. சிங்கப்பூரில் தமிழ்ப் பள்ளிகள் பல இருந்தன, எல்லாம் தொடக்கப்பள்ளிகள். ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை தமிழிலேயே மேலே படிக்க வேண்டுமென்றால் வழி இல்லை. அந்த வழியைத் திறந்தது இந்தப் பள்ளி. தமிழில் எல்லாப் பாடங்களையும் நடத்திய உயர்நிலைப்பள்ளி சிங்கப்பூரில் இது ஒன்றுதான். நீங்கள் எடுத்துக்கொண்ட பள்ளிக்கும் இப்படி ஒரு "இது இல்லாவிட்டால் எங்கே போயிருப்பார்கள்" கேள்வி இருக்கும். அதற்குப் பதில் கிடைக்கும்வரை எழுத உட்காராதீர்கள்.

அடுத்தது ஆட்கள். வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள், நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். "உங்க பள்ளி நாள் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "அதெல்லாம் பொற்காலம்" என்ற பதிலைத்தான் நான் ஐந்து வீட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆறாவது வீட்டில் வாயைத் திறக்காமல் வகுப்புப் படத்தை மேசையில் வைத்தேன். அப்பாவோடு படித்த அந்தப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை மூக்கருகே கொண்டுபோனார். விரல் முகங்களுக்குப் போகவில்லை, முன்வரிசைக் கால்களுக்குப் போனது. "இவன் சப்பாத்து பாரு, ஒண்ணு மட்டும் வெள்ளையா இருக்கும். சுண்ணாம்புக்கட்டி அவ்வளவுதான் இருந்துச்சு." அழுக்கான கேன்வாஸ் சப்பாத்தை வகுப்பறைச் சுண்ணாம்புக்கட்டியால் தேய்த்து வெளுப்பாக்குவார்களாம். படம் எடுக்கும் அன்று கட்டி தீர்ந்துபோய்விட்டது. அங்கே தொடங்கியவர் இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை.

அந்த இரண்டு மணி நேரமும் என் கைப்பேசியில் பதிவாகவில்லை. இடம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பை நான் கவனிக்கவில்லை. மறுபடி போனபோது அவர் அதே கதையைச் சொன்னார், ஆனால் சுருக்கமாக, செய்தி வாசிப்பதுபோல. ஆகவே இரண்டு கருவியில் பதியுங்கள். முதல் ஒரு நிமிஷத்தைப் பதிந்து போட்டுக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். யார், எங்கே, என்ன தேதி என்பதை உங்கள் குரலிலேயே முதலில் சொல்லிவிடுங்கள். வெளியிட அனுமதியையும் அன்றைக்கே கையெழுத்தாக வாங்கிவிடுங்கள்.

முடிந்தால் ஒருவரையாவது பழைய இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கட்டடம் இல்லாவிட்டாலும் கால் வழி மறக்காது. நாங்கள் மெக்ஸ்வெல் உணவங்காடியில் காப்பி குடித்துவிட்டு, 2011இல் சேவை நின்ற தஞ்சோங் பகார் ரயில் நிலையம்வரை நடந்தோம். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் எங்கெங்கே குடியிருந்தார்கள், யார் வீட்டுப் பிள்ளை எந்தச் சந்தில் வந்து சேர்ந்துகொள்வான் என்பதெல்லாம் நடக்கும்போதுதான் வந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்காது.

தாள் வேலைக்கு மூன்று இடம். பழைய நாளிதழ்களைத் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பார்க்கலாம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அங்கே உண்டு. சில இதழ்களை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும். பெயரைத் தட்டித் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். உமறு, உமறுப்புலவர், பாடசாலை, பள்ளி, ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துக்கூட்டல் என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். அன்றைய அச்சில் ணை, லை, றா எல்லாம் பழைய உருவத்தில் இருக்கும், தட்டித் தேடினால் சிக்காமல் போகலாம், அதனால் பள்ளி திறக்கும் மாதம், தேர்வு முடிவு வரும் மாதம் என்று தேதிவாரியாகப் புரட்டுவதே மேல். அடுத்தது தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள். 1979 முதல் சேர்த்துவருகிறார்கள், தமிழிலும் உண்டு. மூன்றாவது, நம்மவர் வீட்டுப் பரண். அதிகம் கிடைத்தது அங்கேதான்.

இனி, எல்லோரும் தவிர்க்கப் பார்க்கும் அத்தியாயம்: ஏன் மூடியது? பெரும்பாலோர் "அரசாங்கக் கொள்கை" என்று இரண்டு சொல்லில் முடிப்பார்கள். கொள்கை உண்டுதான். 1966இலிருந்து உயர்நிலைப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமானது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி ஆயிற்று. ஆனால் உமறுப் புலவர் பள்ளி அதற்கு முன்பே மூடிவிட்டது. பிள்ளைகள் வரவில்லை. வேலை ஆங்கிலத்தில் இருந்தது, பெற்றோர் கணக்குப் போட்டார்கள். 1979இல் என்னைக் கைப்பிடித்து ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தவர் இதே அப்பாதான், இந்த மதிப்பெண் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர். இதைக் கையேட்டில் எழுதலாமா என்று ஒரு மாதம் தயங்கினேன். எழுதினேன். நீங்கள் பேட்டி காண்பவரிடமும் கடைசியில் ஒருமுறை கேளுங்கள்: "உங்க பிள்ளையை எங்கே போட்டீங்க?" குற்றம் சாட்டும் குரல் வேண்டாம், தேநீர் ஆறும்போது கேட்டால் போதும். எனக்கு ஒருவர் பதிலே சொல்லவில்லை. அதையும் அப்படியே எழுதினேன்.

பள்ளி விட்டுப்போனது என்ன என்ற பகுதியில் பிரமுகர் பட்டியல் போடும் ஆசை வரும். ஒரு பக்கத்தோடு நிறுத்துங்கள். பெயரே இன்னும் வாழ்கிறது என்பதைத்தான் நான் முதலில் எழுதினேன். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் பாடம் முடிந்து வந்து தமிழ் படிக்கும் இடம், பியட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். ஒரு சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு சீருடையில் உள்ளே போனது.

கடைசியாகச் சில்லறை வேலைகள். படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள். பின்பக்கத்தில் பேனா வேண்டாம், பென்சில்தான். ஒட்டியிருக்கும் செலோடேப்பை உரிக்க முயலாதீர்கள், மதிப்பெண் புத்தகத்தின் ஒரு மூலை என் கையோடு வந்துவிட்டது. கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், கையேட்டில் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுங்கள். படத்தில் இருக்கும் முப்பத்தொரு பேரில் மூன்று பேர் யாரென்று இன்னும் தெரியவில்லை. படத்தின் கீழே மூன்று கோடு போட்டு விட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு பாட்டி போன் செய்து, இரண்டாம் வரிசையில் இடமிருந்து நாலாவது தன் அண்ணன் மாதிரி இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.