திருச்சி – பலாலி: வான்தொலைவையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே இண்டிகோ நிறுவனத்தின் ஏடிஆர் (சுழல்விசிறியால் இயங்கும் சிறிய விமானம்) சேவை தொடங்கியது. இடையில் கடல் இருப்பதால் சாலைத் தூரத்தை வைத்து எதையும் ஊகிக்க முடியாத இந்த வழித்தடம், கணக்குப் பழகுவதற்கு மிகவும் ஏற்றது.

முதலில் இரு நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ளுங்கள். திருச்சி ஏறத்தாழ 10 பாகை (டிகிரி) 46 கலை (மினிட்) வடக்கு, 78 பாகை 43 கலை கிழக்கு. பலாலி 9 பாகை 48 கலை வடக்கு, 80 பாகை 4 கலை கிழக்கு. ஒரு பாகைக்கு 60 கலைகள் என்பதால், வடக்கு தெற்கு வேறுபாடு 58 கலை, கிழக்கு மேற்கு வேறுபாடு 81 கலை ஆகும்.

அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஆகவே முதல் வேறுபாடு அப்படியே 58 கடல் மைல் ஆகிவிடுகிறது. தீர்க்கரேகைகளோ துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வருபவை; அதனால் 81ஐ நடு அட்சரேகையான 10.3 பாகையின் கோசைன் மதிப்பால், அதாவது 0.984ஆல், பெருக்க வேண்டும். கிடைப்பது 79.7. இனி பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும்: இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 98.6 கடல் மைல், 1.852ஆல் பெருக்கினால் சுமார் 183 கிலோமீட்டர். இவ்வளவு குறுகிய தூரத்துக்குப் பூமியின் வளைவைக் கருதும் நீண்ட சூத்திரம் தேவையில்லை. கூகுள் மேப்ஸில் உள்ள தூரம் அளக்கும் வசதியைக் கொண்டு விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தக் கோடு பட்டுக்கோட்டைப் பக்கமாகச் சென்று பாக் நீரிணையைக் கடப்பதையும் அங்கே காணலாம்.

அடுத்தது நேரம். தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ஏடிஆர் 72 சமநிலையில் பறக்கும் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் என்பதால், 183ஐ அதனால் வகுத்து 22 நிமிடம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் விமானம் மேலேறும்போது அந்த வேகத்தில் செல்வதில்லை; இறங்குமுன் ஓடுபாதைக்கு நேராக வளைந்து வரவும் வேண்டும். இவற்றுக்காக ஒரு 15 நிமிடத்தையும், இரு நிலையங்களிலும் தரையில் ஊர்வதற்கு 10 நிமிடத்தையும் சேர்த்தால் 47 நிமிடம் வரும். பயணச்சீட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் நிற்கும் வரையிலானது. தாமதத்துக்கும் சிறிது இடம் விட்டே நிறுவனங்கள் அதைக் குறிக்கின்றன என்பதால் அது ஒரு மணி நேரத்தை ஒட்டி இருப்பதில் வியப்பில்லை. தூரம் குறையக் குறைய, பறப்பதைவிட ஏறி இறங்கி ஊர்வதற்கே நேரத்தின் பெரும்பங்கு செலவாகிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

இந்தியாவும் இலங்கையும் 2006 முதல் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால், புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து அப்படியே கழிக்கலாம்.

இறுதியாகக் காற்று. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று, தென்கிழக்கு நோக்கிச் செல்லும் இந்த விமானத்தைப் பின்னிருந்து தள்ளும். அந்த உதவி மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கொண்டால், 22 நிமிடம் போகும்போது 20 ஆகவும் திரும்பும்போது 24 ஆகவும் மாறும். வடகிழக்குப் பருவக் காற்றோ பெரும்பாலும் பக்கவாட்டில் வீசுவதால் நேரத்தை அதிகம் மாற்றாது.