ஃபோனில ‘ஸி ஸி’ போடாதேங்கோ

இத்தாலியில பலெர்மோவுக்குப் புதுசா வந்திருக்கிற ஆக்களுக்கு. 8 வேலைநாளுக்குள்ள சொஜோர்னோவுக்கு, அதுதான் இங்க தங்கிற பெர்மிட்டுக்கு, போடவேணும். விண்ணப்பக் கிட் போஸ்ட் ஒஃபிசில, 16 ஐரோ முத்திரை தபாக்கி எண்ட புகையிலைக் கடையில. மிச்சத்தை உங்களைக் கூப்பிட்டவை சொல்லுவினம். நான் இத்தாலி பாஷையைப் பற்றி எழுத வந்தன்.

உச்சரிப்பு எங்களுக்கு லேசு. பாஞ்ஞோ எண்டா குளியலறை. அந்த ‘ஞ’வுக்கு இங்கிலீசுக்காரன் படுற பாடு எங்களுக்கில்லை. ‘டுட்டோ’ இல்லை, பல்லில நாக்கு முட்ட ‘துத்தோ’, எல்லாம் எண்டு அர்த்தம். இரட்டிப்பை மட்டும் விழுங்காதேங்கோ, பலி வேற பல்லி வேற. ‘ஓ த்ரெந்தான்னி’ எண்டா எனக்கு முப்பது வயசு. ‘ன்’ ஒண்டு குறைஞ்சா முப்பது குதம் இருக்கெண்டு கேக்கும்.

சங்கீதம் படிச்சவைக்குக் கொஞ்சச் சொல்லு ஏற்கெனவே தெரியும். ‘பியானோ பியானோ’ எண்டா ஆறுதலா. மாடிக்கும் பியானோதான்: தெர்ட்ஸோ பியானோ, மூண்டாம் மாடி. ‘ஆ பிரெஸ்தோ’, கெதியில சந்திப்பம். ‘தா காப்போ’, முதலில இருந்து; சொஜோர்னோ குடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில ஒரு பேப்பர் குறைஞ்சா உங்கட நிலைமை அதுதான். பாஹ் எழுதின ஃபூகா எண்ட இசையை ரசிக்கலாம், ‘ஃபூகா தி காஸ்’ எண்டு ஆரும் கத்தினா காஸ் ஒழுகுது, வெளியில ஓடுங்கோ.

இனித்தான் விஷயம். ஆரும் கதைக்கேக்க ‘ஓம் ஓம்’ போடாட்டி எங்கட சனத்துக்குப் பத்தியப்படாது. இங்க வந்தா அது ‘ஸி ஸி, வா பேனே’ ஆகிடும். என்ர சிநேகிதிக்கு ஒரு பெடியன் ஃபோன் எடுத்து, ‘லேய்’ எண்டு நீங்கள் போட்டு மரியாதையாக் கதைச்சு, கரண்ட் பில் கையில இருக்கோ எண்டு கேட்டிருக்கிறான். ஸி. உங்கட பேரிலதானே? ஸி. ‘IT’ எண்டு துவங்கிற, கரண்ட் இணைப்பின்ர பொட் (POD) நம்பரையும் வாசிச்சுக் குடுத்திட்டா. எல்லாம் ரெக்கோர்டிங். கரண்ட் கொம்பனி மாறிப்போச்சு, பில்லும் ஏறிப்போச்சு. 14 நாளுக்குள்ள வேண்டாமெண்டு எழுதலாம், அதுக்குப் பேர் ரிபென்ஸமெந்தோ. வந்த கடிதத்தை விளம்பரமெண்டு குப்பையில போட்டவ எங்க எழுதுறது? ஊரில பள்ளிக்கூடம் படிப்பிச்ச மனிசி. நினைக்க எனக்கு இப்பவும் விசர் வருது.

ஃபோனை எடுத்தா ஹலோவுக்கு ‘ப்ரொந்தோ’ மட்டும். ‘மி சென்தே?’, கேக்குதோ எண்டாலும் ஸி வேண்டாம். ‘கி பார்லா?’, ஆர் கதைக்கிறது எண்டு திருப்பிக் கேளுங்கோ. எழுத்தில சி எச் இருக்கும், ‘சி’ எண்டு வாசிக்கிறேல்ல. விக்கிறவன் எண்டு தெரிஞ்சா ‘நொன் மி இந்தெரெஸ்ஸா, கிராத்ஸியே’. வைச்சிடுங்கோ. அவன் கோவிச்சா கோவிக்கட்டும்.