பழைய கார் வாங்கப் போகும்போது ஒரு காந்தமும் கொண்டு போங்கள்

இரவில் ஏ9 வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதி என் கார் போய்விட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை, அது போதும். கையிலிருந்த காசுக்கு வேறொன்று தேடியபோது, இன்னொருவர் அடிபட வைத்த காரையே வாங்கிவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவு, மட்காட், டிக்கி ஓரமெல்லாம் வைத்துப் பாருங்கள். தகட்டில் பிடிக்கும், பட்டி (நெளிவை நிரப்பப் பூசும் பசை) தடிப்பாகப் பூசிய இடத்தில் வழுக்கி விழும். (பிளாஸ்டிக் பம்பரில் எப்படியும் பிடிக்காது.) போனட்டைத் திறந்து, பிணைச்சல் போல்ட்டுகளின் தலையைக் கவனியுங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் போனட்டைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்பெயார் டயர்க் குழியையும் பாருங்கள். பின்னால் வாங்கிய அடி அங்கே தகட்டில் சுருக்கங்களாகத் தெரியும்.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு கிரவல் வீதியில் ஒரு சுற்று, தார் வீதியில் ஒரு சுற்று. வன்னி வெயிலில் ஏசியைப் போட்டு அரை மணி நேரம் ஓடியும் சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறாவிட்டால் நல்லது.

பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கத்தை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். லீசிங் நிலுவை இருந்தால், அது தீரும்வரை முற்பணமும் கொடுக்காதீர்கள்.

எந்த மாடல்? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாகம் உடனே கிடைப்பது எதுவோ அது. நான் மாருதி ஆல்டோ எடுத்தேன்.