பழைய பென்ஸும் பி.எம்.டபிள்யூவும் வன்னிக்கு வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டொயோட்டா பிரீமியோவின் விலைக்கு பி.எம்.டபிள்யூ 520டீ கிடைக்கிறது என்று கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஜப்பான் கார் எத்தனை கை மாறினாலும் நம் நாட்டில் விலை நிற்கும். ஐரோப்பியக் கார் வருடத்துக்கு வருடம் இறங்கும். ஆனால் இறங்குவது காரின் விலை மட்டும்தான். உதிரிப்பாகத்தின் விலை அந்தக் கார் புதிதாக விற்ற காலத்துத் தரத்திலேயே நிற்கிறது, அதுவும் வெளிநாட்டுக் காசில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது இந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் அதை நன்றாகவே உணர்ந்தார்கள்.

வன்னியில் இதற்கு மேல் தூரத்தின் செலவும் சேர்கிறது. இந்தக் கார்களுக்கென்றே பழகிய கராஜ்களும் உதிரிப்பாகக் கடைகளும் பெரும்பாலும் கொழும்பில்தான். வவுனியாவிலிருந்து அது ஏறத்தாழ 255 கி.மீ., கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 330 கி.மீ. ஒரு சென்சர் பழுதானால் சென்சரின் விலையைவிடக் காரை ஏற்றிக்கொண்டு போகும் லொறிக்கூலி கூடிவிடும். அந்தக் கூலிக்குப் பயந்து "கொஞ்சம் பார்த்து ஓடுவம்" என்று தள்ளிப்போடும் சின்னப் பழுதுதான் பிறகு என்ஜினையோ கியர்பொக்ஸையோ கொண்டுபோகிறது. இந்தக் கார்களில் பெரிய செலவு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

வாங்கப் போகும் இடத்தில்

சூடாக்கி வைத்த என்ஜினைப் பார்த்து வாங்குவது முதல் தவறு. விற்பவர் நீங்கள் வருமுன் காரை ஓட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம். போனவுடன் பொனெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அடுத்த நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். டைமிங் செயின் (வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி) தளர்ந்த என்ஜின் தன் நோயைக் காட்டுவது ஆறிய நிலையில் ஸ்டார்ட் பண்ணும் முதல் சில செக்கன்களில்தான். டபிள்யூ204 பென்ஸ் சீ-கிளாஸில் வரும் எம்271 பெற்றோல் என்ஜினில் அப்போது கடகடவென்று சத்தம் கேட்டால் செயினும் கேம்ஷாஃப்ட் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கலாம். 520டீயில் வரும் என்47 டீசல் என்ஜினுக்குச் செயின் பின்பக்கம், கியர்பொக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினின் விலை பெரிதல்ல. அதை மாற்ற என்ஜினையோ கியர்பொக்ஸையோ இறக்கவேண்டும், காசு அங்கேதான் போகிறது. 2007 முதல் 2011 வரை வந்த என்47கள் இதில் பெயர் கெட்டவை. 1500 முதல் 2000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றி, பின்பக்கத்திலிருந்து உரசுவதுபோல் ஒலி வருகிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, கையடக்கமான சின்ன ஸ்கானரைச் செருகி "எரர் ஒன்றும் இல்லை" என்று நம்புவது. அது என்ஜின் பக்கத்தை மட்டுமே வாசிக்கும். ஏ.பி.எஸ்., ஏயார்பேக், கியர்பொக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணினி உண்டு. இந்தக் கணினிகள், அதாவது மொடியூல்கள், எல்லாவற்றையும் வாசிக்கும் ஸ்கானர் வைத்திருப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சின்ன ஸ்கானரிலும் ஒரு பயன் இருக்கிறது: அதில் "ரெடினஸ்" என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். கார் தன்னைத்தானே பார்க்கும் பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், யாரோ அண்மையில் எரரை அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஓடிய தூரத்தையும் ஒரு இடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். மீற்றரில் குறைத்த கிலோமீற்றர் வேறு மொடியூல்களில் பழைய கணக்கிலேயே இருக்கக்கூடும்.

ஏயார் சஸ்பென்ஷன் (கம்பிச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த றப்பர் பை) உள்ள கார் என்றால் ஒரு அளவுநாடா போதும். மாலையில் சம தரையில் நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணாமலே திரும்ப அளவுங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே றப்பர் பை கசிகிறது. கசிவை ஈடுகட்ட, பைக்குக் காற்றடிக்கும் கொம்பிறசர் ஓயாமல் ஓடி ஒருநாள் எரியும். அப்படி எரிந்த பிறகு கொம்பிறசரை மட்டும் மாற்றி, பையை அப்படியே விட்டால் புதுக் கொம்பிறசரும் அதே வழியில் போகும்.

வெள்ளத்தில் நின்ற காரை ஒருபோதும் வாங்கவேண்டாம், எவ்வளவு மலிவாக வந்தாலும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. வேறு மாவட்டத்து வெள்ளக் காரும் இங்கே வந்து சேரலாம். சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். பின் டிக்கியில் ஸ்பெயார் சில்லு வைக்கும் குழியையும், கார்ப்பெற்றுக்குக் கீழேயுள்ள கொனெக்ரர்களையும் பாருங்கள். இந்தக் கார்களின் கணினிகள் சில சீற்றுக்குக் கீழேயும் டிக்கியிலும் இருக்கின்றன. பச்சைப் பூஞ்சணம் போல் செப்புக் களிம்பு கண்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர்

இதுதான் நம் பகுதியில் மிகக் கூடுதலாக நடக்கும் பிழை. கூலன்ட் குறைந்துவிட்டது என்று வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் ஊற்றுவார்கள். வன்னியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லே சாட்சி. அதே கல் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் ஹீற்றரிலும் படியும். அதோடு தண்ணீர் கலக்கக் கலக்கக் கூலன்டின் துருத்தடுப்பு மருந்து நீர்த்துப் போகிறது, அலுமினியம் அரிக்கத் தொடங்குகிறது. அந்தந்தக் காருக்கு உரிய கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி, அதுதான் கணக்கு. பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இரண்டு லீற்றர் காரிலேயே இருக்கட்டும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்கவும் கூடாது, போத்தலில் எழுதியிருக்கும் தர எண்ணைப் பார்க்கவேண்டும்.

கூலன்ட் ஏன் குறைந்தது என்று தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது அடுத்த பிழை. இந்தக் கார்களில் கூலன்ட் தாங்கி, குழாய் இணைப்புகள், தேர்மோஸ்டாற் (என்ஜின் சூடாகும்வரை கூலன்டை றேடியேற்றருக்கு விடாத வால்வு) கூடு எல்லாம் பிளாஸ்ரிக். பத்து வருடச் சூட்டில் அவை முறுகிப்போய் நொறுங்கும். பி.எம்.டபிள்யூவின் என்52, என்20 போன்ற பெற்றோல் என்ஜின்களில் தண்ணீர்ப் பம்பும் மின்சாரத்தில் ஓடுவது. பெல்ட் பம்பைப்போல் அது முதலில் கசிந்தோ கத்தியோ காட்டாது, திடீரென்று நிற்கும். ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய காரை வாங்கினால், பம்ப் மாற்றிய பற்றுச்சீட்டு இல்லாவிடில் மாற்றாத கணக்கில் எடுத்துப் பம்பையும் தேர்மோஸ்டாற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவில், நடுமத்தியானத்தில் அது நின்றால் "இன்னும் மூன்று கிலோமீற்றர்தானே" என்று ஓட்டுவது மனித இயல்பு. அந்த மூன்று கிலோமீற்றரில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சிவப்பு வெப்ப அடையாளம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இந்தப் பம்ப் உள்ள என்ஜினில் கூலன்டை நிரப்பி மூடியைப் பூட்டினால் வேலை முடியாது, உள்ளே காற்று நிற்கும். பற்றரிக்கு சார்ஜரைப் பூட்டி, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீற்றரை உச்சச் சூட்டிலும் காற்றாடியை ஆகக் குறைந்த வேகத்திலும் வைத்து, அக்சிலேற்றரைப் பத்து செக்கன் முழுதாக மிதிக்கவேண்டும். பம்ப் தானாக ஏறத்தாழ 12 நிமிடம் ஓடிக் காற்றை வெளியேற்றும்.

"சூடான ஊருக்குத் தேர்மோஸ்டாற் எதற்கு" என்று கழற்றி எறியும் பழைய வழக்கம் லொறிக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கலாம். டீசல் பென்ஸிலும் பி.எம்.டபிள்யூவிலும் அது புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டியைக் கொல்லும். என்ஜின் உரிய சூட்டை எட்டாவிட்டால் வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலையைத் தொடங்காது. திறந்தபடி சிக்கிய தேர்மோஸ்டாற்றும் இதையே செய்யும். நம் வெயிலில் அதை யாரும் கவனிப்பதில்லை.

டீசலும் ஒயிலும்

கரி எரிய 15 முதல் 20 நிமிடம் ஒரே சீரான ஓட்டம் வேண்டும். பரந்தனிலிருந்து கிளிநொச்சி ரவுணுக்கும் திரும்பவும் மட்டுமே ஓடும் காருக்கு அது கிடைக்காது. கிழமைக்கு ஒருமுறையாவது ஏ9இல் மாங்குளம் வரை 70 கி.மீ. வேகத்தில் போய்வாருங்கள். எரிப்பு பாதியில் நின்று நின்று போனால், அதற்காகத் தெளித்த டீசல் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் மட்டம் கூடியிருப்பதைக் கண்டு "நல்லது, குடிக்கவில்லை" என்று நினைக்கவேண்டாம், உடனே மாற்றவேண்டும். இந்த என்ஜின்களுக்குச் சுப்பர் டீசல்தான் ஊற்றவேண்டும், சாதா டீசலில் கந்தகம் அதிகம். எல்லாப் பெற்றோல் செட்டிலும் சுப்பர் டீசல் இராது, ஆகவே தாங்கியைப் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள். வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்பவர்களும் உண்டு. பிறகு வருடாந்தப் புகைப் பரிசோதனையில் கறுப்புப் புகையோடுதான் நிற்கவேண்டி வரும்.

ஒயிலில் 5டபிள்யூ-30 என்ற தடிப்பு எண் மட்டும் போதாது. பி.எம்.டபிள்யூ டீசலுக்கு எல்.எல்.-04, பென்ஸ் டீசலுக்கு 229.51 அல்லது 229.52, அவுடிக்கு 507.00 என்ற அங்கீகாரம் போத்தலில் இருக்கவேண்டும். இவை சாம்பல் குறைந்த ஒயில்கள், வடிகட்டி அடைபடாமல் இருப்பதற்கு. 520டீக்கு ஏறத்தாழ 5.2 லீற்றர், ஓ.எம்.651 என்ஜின் உள்ள பென்ஸுக்கு 6.5 லீற்றர் போகும். கார் 25,000 கி.மீ. வரை பொறு என்று சொன்னாலும் கிரவல் தூசியும் வெயிலும் உள்ள இடத்தில் 8,000 முதல் 10,000க்குள் மாற்றுங்கள். ஏயார் ஃபில்ரரையும் அதே நேரத்தில் கழற்றிப் பாருங்கள்.

கியர்பொக்ஸ் ஒயில் "ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை" என்று கார்க் கம்பனி சொல்லும். 8 கியர்ப் பெட்டியைச் செய்யும் ஸெட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. அதன் அடிச்சட்டி பிளாஸ்ரிக், ஃபில்ரர் சட்டியோடு சேர்ந்தே வரும், ஆகவே சட்டியையே மாற்றவேண்டும். ஒயில் மட்டம் பார்ப்பது என்ஜின் ஓடும்போது, கியர்பொக்ஸ் ஒயில் 30 முதல் 50 பாகை செல்சியஸில் இருக்கையில், ஸ்கானரில் சூட்டைப் பார்த்தபடி. கண்மதிப்பில் நிரப்பும் கராஜிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கடையில் இருக்கும் சாதாரண ஏ.ரி.எஃப். எனும் ஓட்டோ கியர் ஒயிலையும் ஊற்றவிடாதீர்கள்.

கிரவல் றோட்டும் மரநிழலும்

ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்து உள்வீதிகளில் ஓடுபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது ரயர். பல பி.எம்.டபிள்யூக்களில் ஸ்பெயார் சில்லே இல்லை, ரன்ஃபிளாட் ரயர்தான். காற்றுப் போனபின் அது 80 கி.மீ. வேகத்துக்கு மேற்படாமல் 80 கி.மீ. தூரம் கொண்டுபோகும் என்பது நல்ல றோட்டுக்கான கணக்கு. குழியில் அடித்துப் பக்கச்சுவர் வெடித்தால் அதுவும் இல்லை. பின்னால் ஒரு ஸ்பெயார் சில்லும் ஜாக்கும் வையுங்கள். சில்லின் அளவு 19 அங்குலமாக இருந்தால், உற்பத்தியாளர் அனுமதித்த 17 அங்குலத்துக்கு இறங்குங்கள். அழகு குறையும், ரயரின் பக்கச்சுவர் உயர்வதால் ரிம் வளைவதும் ரயர் வீங்குவதும் குறையும்.

என்ஜினுக்குக் கீழேயுள்ள பிளாஸ்ரிக் தகடு கிரவலில் உரசிக் கிழியும். ஒயில் மாற்றும்போது நான்கு திருகாணி தொலைந்தால் அந்தத் தகட்டையே மூலையில் போட்டுவிடுவார்கள். அது இல்லாமல் போனால் தூசியும் மழைத் தண்ணீரும் நேரே பெல்ட்டிலும் அல்ரனேற்றரிலும் அடிக்கும். அதைத் திரும்பப் பூட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பாலை மரத்துக்கும் வேம்புக்கும் கீழே காரை விடுவதில் பிழையில்லை, ஆனால் இலை சேரும் இடம் இரண்டு உண்டு: முன் கண்ணாடிக்குக் கீழுள்ள பள்ளம், சன்ரூஃபின் நான்கு மூலை வடிகால். அவை அடைத்தபின் மாரி மழை வந்தால் தண்ணீர் தூண்கள் வழியாகக் கார்ப்பெற்றுக்கும் டிக்கிக்கும் இறங்கி, அங்கே இருக்கும் கணினிகளை நனைக்கும். ஒக்ரோபர் பிறக்குமுன் பள்ளத்தைக் கையால் துப்புரவாக்கி, சன்ரூஃப் மூலையில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி அது சில்லுப் பக்கத்தால் வடிகிறதா என்று பாருங்கள். கொம்பிறசர் காற்றை அடிக்கவேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிடும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை உள்ள கொட்டிலில் காரை விடுவதும் வயரை எலிக்குக் கொடுப்பதுதான்.

கணினியைக் கேட்காமல் செய்யும் வேலைகள்

பற்றரி மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்று நினைக்கிறோம். பி.எம்.டபிள்யூவில் புதுப் பற்றரியை ஸ்கானரால் பதிவு செய்யவேண்டும். இல்லாவிட்டால் பழைய பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றியதுபோலவே ஏற்றிப் புதியதையும் சீக்கிரம் முடித்துவிடும். ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்த) பற்றரி இருந்த இடத்தில் சாதா அமிலப் பற்றரி வைக்கக்கூடாது. மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள காரின் பின் பிரேக் பாட் மாற்றுமுன் ஸ்கானரால் சேர்விஸ் நிலைக்குக் கொண்டுவரவேண்டும். சீ-கிளாம்பால் அமுக்கித் தள்ளினால் உள்ளே உள்ள மோட்டர் உடையும், பாட் விலையைப்போல் பல மடங்கு போகும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாட்ஸ் மலிவு. கதவு, லைட் கூடு, சஸ்பென்ஷன் கை போன்றவற்றை அங்கே எடுக்கலாம். கணினியும், பென்ஸ் 7 கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் மின்தகடும் அப்படி வாங்கினால் பெரும்பாலும் வேலை செய்யாது, அவை பழைய காரின் அடையாளத்தோடு பூட்டப்பட்டவை. எதை வாங்குவதற்கும் "2012 மொடல் 520டீ" என்று சொல்லவேண்டாம். ஒரே வருடத்துக்குள்ளேயே பாகம் மாறியிருக்கும். 17 எழுத்துச் சாசி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, பாக இலக்கத்தை எழுத்தில் வாங்கி, பழைய பாகத்தின் மேல் உள்ள இலக்கத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே காசைப் போடுங்கள். பிழையான பாகம் பஸ்ஸில் வந்து இறங்கினால், திருப்பி அனுப்பி மாற்றி எடுக்க இன்னும் ஒரு கிழமை போகும்.

காசுக் கணக்கிலும் ஒன்று. கையில் உள்ள முழுவதையும் கொடுத்தோ, லீசிங்கை உச்சம் வரை எடுத்தோ இந்தக் காரை வாங்காதீர்கள். வாங்கும் விலையில் குறைந்தது 15 வீதத்தை முதல் வருடத்துக்கென்று தனியே வையுங்கள். ஒயில்கள், கூலன்ட், பெல்ட், பிளாஸ்ரிக் குழாய்கள், பற்றரி, ரயர் என்று முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே அதில் பாதி போய்விடும். அந்த வேலைகளையெல்லாம் ஒரே பயணத்தில் முடிக்கும்படி, பாட்ஸ் முழுவதும் கைக்கு வந்த பிறகே காரைக் கராஜில் விடுங்கள்.