ஒரு மணி நேரத்தில் 1,020 கலோரியா?

ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்ததற்கு ஆப் 1,020 கலோரி காட்டியது. நம்பி, சாப்பாட்டைக் கூட்டினேன். எடை இறங்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் தப்பு என்னுடையது! பவுண்டில் பார்த்த 150-ஐக் கிலோ கட்டத்தில் போட்டிருக்கிறேன்.

சரியான எடை 68 கிலோ. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்துக்கு மெட் அளவு (சும்மா இருப்பதைவிட எத்தனை மடங்கு சக்தி செலவாகிறது என்ற எண்) 6.8. அதை எடையாலும் மணியாலும் பெருக்கினால் 462 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்குச் சுமார் 68 போகும். அதைக் கழித்தால் மிதித்ததற்கு 394தான்.

பிறகு கடன் வாங்கிய பவர் மீட்டரில் (மிதிக்கும் விசையை அளக்கும் கருவி) சராசரி 120 வாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 432 கிலோஜூல். உடல் செலவழிக்கும் சக்தியில் கால்பங்கு அளவே மிதிப்பில் சேரும், ஒரு உணவுக் கலோரியோ சுமார் 4.2 கிலோஜூல் என்பதால் கிலோஜூலையே ஏறக்குறைய கலோரியாகக் கொள்ளலாம். இறக்கத்தில் மிதிக்காமல் உருண்டதை வேகக் கணக்கு கண்டுகொள்வதில்லை, பவர் மீட்டர் கண்டுகொள்ளும்.